மாசமாக இருப்பவருக்கு மூச்சு வாங்குவது சகஜம்தானா? கர்ப்பிணியின் உடலில் கொரோனா என்ன செய்கிறது

“அத்தை, படி ஏறவே முடியல. மூச்சு வாங்குது.”

“மாசமா இருக்கிறப்ப அப்படித்தாம்மா இருக்கும். எட்டாம் மாசத்துல எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு.”

பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. பெரும்பாலான நேரங்களில் அத்தை சொல்வது சரிதான். எந்த நோயும் இல்லாத கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் மூச்சு வாங்கும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சலும் இருமலும் இருந்தால்? அப்போது அதே பதில் ஆபத்தில் கொண்டுபோய் விடலாம்.

கொரோனா காலத்தில் கர்ப்பிணிகளுக்கு நேர்ந்த பெரிய சிக்கல்களில் ஒன்று இது. நோயின் அறிகுறியும் கர்ப்பத்தின் அறிகுறியும் ஒன்றுபோலத் தெரிந்தன. மூச்சு வாங்குதல், உடல் அசதி, கால் வீக்கம், தலைவலி, வாந்தி என எதைச் சொன்னாலும் ‘சகஜம்தானே’ என்று தள்ளிவிட முடிந்தது. எது சகஜம், எது இல்லை என்று பிரித்துப் பார்க்க, கர்ப்பிணியின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கர்ப்பிணியின் உடல் பலவீனமானதா?

‘கர்ப்பிணிக்கு எதிர்ப்பு சக்தி கம்மி, அதனால்தான் கொரோனா தாக்குகிறது’ என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இது பாதி உண்மைதான். தந்தையின் மரபணுவையும் சுமக்கும் கருவை ‘அந்நியப் பொருள்’ என்று நினைத்துத் தாக்கிவிடாமல் இருக்க, தாயின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் வேலை முறையை மாற்றிக்கொள்கிறது. அது ஓய்வெடுப்பதில்லை, வேறு விதமாக இயங்குகிறது.

முக்கியமான காரணம் வேறு. கர்ப்பிணியின் உடல் ஏற்கெனவே ‘ஓவர்டைம்’ பார்த்துக்கொண்டிருக்கிறது. ரத்தத்தின் அளவு வழக்கத்தைவிட 40 முதல் 50 சதவீதம் கூடிவிடுகிறது. இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்தமும் 30 முதல் 50 சதவீதம் அதிகம். உடலின் ஆக்சிஜன் தேவை சுமார் 20 சதவீதம் உயர்கிறது.

மற்றவர்களுக்கு நோய் வந்தால் இதயமும் நுரையீரலும் வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கும். கர்ப்பிணிக்கு அந்தக் கூடுதல் வேகம் ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருக்கிறது. கையிருப்பு குறைவு. அந்த நேரம் பார்த்துத்தான் வைரஸ் வருகிறது.

நுரையீரலில் நடப்பது என்ன?

வயிற்றில் குழந்தை வளர வளர, கருப்பை மேல்நோக்கித் தள்ளுகிறது. நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானம் சுமார் 4 சென்டிமீட்டர் வரை மேலே போகிறது. மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் கொஞ்சம் காற்று மிஞ்சியிருக்கும். அதுதான் அடுத்த மூச்சு வரும்வரை உடலுக்கான சேமிப்பு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இந்தச் சேமிப்பு சுமார் 20 சதவீதம் குறைகிறது. தேவை கூடுகிறது, சேமிப்பு குறைகிறது.

இதைச் சரிக்கட்ட உடல் ஒரு வழி வைத்திருக்கிறது. புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன், மூச்சை ஆழமாக இழுக்கும்படி மூளையைத் தூண்டுகிறது. சாதாரணமாக ஒரு மூச்சில் சுமார் 500 மில்லி காற்று உள்ளே போகும் என்றால், கர்ப்பிணிக்குச் சுமார் 700 மில்லி போகும். ‘மூச்சு வாங்குது’ என்ற உணர்வுக்கு இதுவும் ஒரு காரணம்.

கவனிக்க வேண்டிய இடம் இங்கேதான் இருக்கிறது. கர்ப்பத்தில் மூச்சின் ஆழம்தான் கூடுகிறது. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை. கர்ப்பிணியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறைதான் மூச்சு விடுவார். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இந்த எண்ணிக்கை 20-ஐத் தாண்டிப் போனால், அதற்குக் கர்ப்பத்தைக் காரணம் சொல்ல முடியாது. வேறு ஏதோ இருக்கிறது.

இதைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும். அவரிடம் சொல்லாமல், மார்போ வயிறோ ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணினால் போதும். சொல்லிவிட்டு எண்ணினால் மூச்சு விடும் வேகம் தானாகவே மாறிவிடும்.

மருத்துவமனையிலும் இதேபோன்ற ஒரு சிக்கல் உண்டு. ஆழமாக மூச்சு விடுவதால் கர்ப்பிணியின் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவு வழக்கத்தைவிடக் குறைவாக, 30 மி.மீ. பாதரசத்தை ஒட்டி இருக்கும். நோயாளியாக வரும் கர்ப்பிணியின் ரிப்போர்ட்டில் அது 40 என்று வந்தால், மற்றவர்களுக்கு அது ‘நார்மல்’. கர்ப்பிணிக்கோ, நுரையீரல் களைத்துப்போகத் தொடங்கிவிட்டது என்பதற்கான எச்சரிக்கை.

தாயின் ஆக்சிஜன் குறைந்தால் குழந்தைக்கு என்ன ஆகும்?

வயிற்றில் இருக்கும் குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. அதற்கான ஆக்சிஜன் தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் போகிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் பாய்வது மாதிரி, அதிகம் இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்கு ஆக்சிஜன் நகரும். மேட்டில் தண்ணீர் குறைந்தால் பள்ளத்துக்கு வரும் ஓட்டமும் குறையும்.

அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு ஆக்சிஜன் அளவு 95 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் பார்க்கிறார்கள். பல்ஸ் ஆக்சிமீட்டரில் 93, 94 என்று காட்டும்போது ‘பரவாயில்லை, 90-க்கு மேலதான இருக்கு’ என்று வீட்டிலேயே காத்திருக்கக் கூடாது. அளவு பார்க்கும்போது நெயில் பாலிஷோ அடர்ந்த மருதாணியோ இல்லாத விரலில், கை சூடாக இருக்கும்போது பார்க்க வேண்டும்.

ரத்தம் உறைவது, ரத்த அழுத்தம் உயர்வது

பிரசவத்தின்போது ரத்தப்போக்கு அதிகமாகித் தாய் இறந்துவிடாமல் இருக்க, கர்ப்ப காலத்திலேயே ரத்தம் எளிதில் உறையும் தன்மையை அடைகிறது. இது இயற்கையின் ஏற்பாடு. இதனாலேயே கர்ப்பிணிகளுக்குக் கால் நரம்புகளிலும் நுரையீரலிலும் ரத்தக்கட்டி உருவாகும் ஆபத்து மற்ற பெண்களைவிட நான்கைந்து மடங்கு அதிகம்.

கொரோனா வைரஸும் ரத்தக்குழாய்களின் உட்சுவரைப் பாதித்து, ரத்தத்தை உறைய வைக்கும் பக்கம் தள்ளுகிறது. இரண்டும் சேரும்போது ஆபத்து கூடுகிறது. மருத்துவமனையில் சேர்க்கப்படும் கர்ப்பிணிகளுக்கு ஹெப்பாரின் ஊசி போடுவது இதற்காகத்தான். அந்த மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை.

ரத்த அழுத்தம் இன்னொரு கவலை. கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டி, சிறுநீரில் புரதமும் வெளியேறும் நிலையை ‘ப்ரீ எக்லாம்சியா’ என்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரை போகும். 18 நாடுகளில் நடந்து 2021 ஏப்ரலில் வெளியான ‘இன்டர்கோவிட்’ ஆய்வு, தொற்று ஏற்பட்ட கர்ப்பிணிகளையும் தொற்று இல்லாத கர்ப்பிணிகளையும் ஒப்பிட்டது. அதில் தொற்று ஏற்பட்டவர்களுக்கு ப்ரீ எக்லாம்சியா போன்ற சிக்கல்கள் சுமார் 1.8 மடங்கும், குறைப்பிரசவம் சுமார் 1.6 மடங்கும் அதிகமாக இருந்தன.

குறைப்பிரசவம் எல்லாமே தானாக வலி எடுத்து நடந்தவை அல்ல. தாயின் நிலை மோசமானதால், குழந்தையை முன்கூட்டியே வெளியே எடுக்க வேண்டிய கட்டாயம் மருத்துவர்களுக்குப் பல முறை ஏற்பட்டது.

நஞ்சுக்கொடி: கவனிக்கப்படாத களம்

பிரசவம் முடிந்ததும் அப்புறப்படுத்தப்படும் உறுப்பு என்பதால், நஞ்சுக்கொடியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அரைக் கிலோ எடையுள்ள அந்த உறுப்புதான் ஒன்பது மாதமும் குழந்தைக்கு நுரையீரலாகவும் சிறுநீரகமாகவும் உணவு தரும் இடமாகவும் வேலை செய்கிறது.

பெரும்பாலான தொற்றுகளில் வைரஸ் நஞ்சுக்கொடியைப் பெரிதாகச் சேதப்படுத்துவதில்லை. ஆனால் சிலரிடம் அது நஞ்சுக்கொடிக்குள்ளேயே நுழைந்து, தாய்க்கும் சேய்க்கும் இடையே பரிமாற்றம் நடக்கும் திசுக்களை அழிக்கிறது. ரத்தம் ஓட வேண்டிய இடைவெளிகளை ஃபைப்ரின் எனப்படும் உறைபொருள் அடைத்துக்கொள்கிறது. இதற்கு ‘பிளாசென்டைட்டிஸ்’ என்று பெயர்.

12 நாடுகளிலிருந்து திரட்டப்பட்ட, குழந்தை இறந்துபோன 68 பிரசவங்களின் நஞ்சுக்கொடிகளை ஆராய்ந்த நிபுணர்கள் 2022-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் சராசரியாக நஞ்சுக்கொடியின் 77 சதவீதத்துக்கும் மேற்பட்ட பகுதி செயலிழந்திருந்தது. அந்தத் தாய்மார்கள் யாரும் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. பெரும்பாலான குழந்தைகளின் மரணத்துக்கு வைரஸ் குழந்தையை நேரடியாகத் தாக்கியது காரணமில்லை. நஞ்சுக்கொடி செயலிழந்து ஆக்சிஜன் நின்றுபோனதுதான் காரணம்.

தாய்க்கு லேசான காய்ச்சல்தான் இருந்தது என்றாலும் இது நடக்கலாம் என்பதுதான் இதில் சங்கடமான விஷயம். அதனால் தொற்று சரியான பிறகும், குழந்தையின் அசைவைக் கவனிப்பதை நிறுத்தக் கூடாது. வழக்கத்தைவிட அசைவு குறைந்ததாகத் தோன்றினால், ‘காலையில பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எண்கள் சொல்லும் கதை

2020 தொடக்கத்தில், கர்ப்பிணிகளுக்குத் தனிப்பட்ட ஆபத்து பெரிதாக இல்லை என்றே பலரும் நினைத்தார்கள். அந்த எண்ணம் அதே ஆண்டின் இறுதிக்குள் மாறியது. அறிகுறிகளுடன் தொற்று உறுதியான, 15 முதல் 44 வயது வரையிலான சுமார் 4 லட்சம் பெண்களின் தகவல்களை அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2020 நவம்பரில் வெளியிட்டது. கர்ப்பிணிகளில் 1,000 பேருக்கு 10.5 பேர் ஐசியூவில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். கர்ப்பிணி அல்லாதவர்களில் இது 3.9. வென்டிலேட்டர் தேவைப்பட்டவர்கள் முறையே 2.9, 1.1.

ஆயிரத்துக்குப் பத்துப் பேர் என்றால், மிகப் பெரும்பாலானவர்களுக்கு ஐசியூ தேவைப்படவில்லை என்பதும் இதே கணக்கில் இருக்கிறது. கொரோனா வந்த கர்ப்பிணிகளில் அதிகமானோர் நலமாகவே குழந்தை பெற்றார்கள். ஆனால் மோசமாகும் வாய்ப்பு, அதே வயதுள்ள மற்ற பெண்களைவிட இவர்களுக்குக் கூடுதல்.

டெல்டா வகை வந்தபோது நிலைமை கடுமையானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர், மருத்துவமனைக்கு வந்த 1,530 கர்ப்பிணிகள் மற்றும் பிரசவித்த பெண்களின் பதிவேட்டை 2021 ஜூனில் ஒப்பிட்டுக் காட்டியது. முதல் அலையில் அறிகுறிகளுடன் வந்தவர்கள் 14.2 சதவீதம், இரண்டாம் அலையில் 28.7 சதவீதம். இறப்பு விகிதம் 0.7 சதவீதத்திலிருந்து 5.7 சதவீதமாக உயர்ந்திருந்தது.

அமெரிக்காவில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்த சிடிசி, குழந்தை இறந்து பிறப்பதையும் கணக்கெடுத்தது. தொற்று இல்லாத பெண்களிடம் அது சுமார் 0.64 சதவீதம். தொற்றுடன் பிரசவித்தவர்களிடம் டெல்டாவுக்கு முன் 0.98 சதவீதம், டெல்டா காலத்தில் 2.7 சதவீதம்.

தடுப்பூசி ஏன் தாமதமானது?

2020-ல் நடந்த முதல் கட்ட கொரோனா தடுப்பூசிச் சோதனைகளில் கர்ப்பிணிகள் சேர்க்கப்படவில்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற எச்சரிக்கைதான் காரணம். ஆனால் அந்த எச்சரிக்கைக்கும் ஒரு விலை இருந்தது. சோதனையில் சேர்க்காததால் தகவல் இல்லை. தகவல் இல்லாததால் அனுமதி இல்லை.

இந்தியாவில் தடுப்பூசித் திட்டம் 2021 ஜனவரி 16-ல் தொடங்கியது. பாலூட்டும் தாய்மார்களுக்கு அந்த ஆண்டு மே மாதம் அனுமதி கிடைத்தது. கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடைத்தது ஜூலை 2-ல். ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, அதிக ஆபத்தில் இருந்தவர்களுக்குத் தடுப்பூசி போட வழியே இல்லை.

அனுமதி வந்த பிறகும் தயக்கம் நீங்கவில்லை. ‘குழந்தைக்கு ஏதாச்சும் ஆயிட்டா யார் பொறுப்பு?’ என்ற கேள்வி எல்லா வீடுகளிலும் இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் தரும் தகவல்கள் பிறகு வந்தன. ஸ்காட்லாந்தில் 2020 டிசம்பர் முதல் 2021 அக்டோபர் வரை தொற்றால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட கர்ப்பிணிகளில் 98 சதவீதம் பேர் தடுப்பூசி போடாதவர்கள். ஸ்வீடன், டென்மார்க், நார்வே நாடுகளில் 3.4 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2024-ல் வெளியான ஆய்வில், முதல் மூன்று மாதங்களில் தாய்க்கு ஏற்பட்ட தொற்றோ, போடப்பட்ட தடுப்பூசியோ பிறவிக் குறைபாடுகளை அதிகரித்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு பலனும் உண்டு. தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகின்றன. ஆறு மாதத்துக்குக் குறைவான குழந்தைக்குப் போட கொரோனா தடுப்பூசி கிடையாது. அந்த மாதங்களில் அதற்குக் கிடைக்கும் பாதுகாப்பு தாயிடமிருந்து வந்ததுதான்.

குழந்தைக்குத் தொற்றுமா? தாய்ப்பால் கொடுக்கலாமா?

தொற்று ஏற்பட்ட தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளில் சுமார் 2 சதவீதம் பேருக்கு மட்டுமே பரிசோதனையில் தொற்று உறுதியானது. அவர்களிலும் சிலருக்குப் பிறந்த பிறகே தொற்றியிருக்கும்.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. பால் கொடுக்கும்போது முகக்கவசம் அணிந்து, அதற்கு முன் கையை சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். தாயையும் சேயையும் பிரித்து வைக்கத் தேவையில்லை. தொற்று இருப்பதாலேயே சிசேரியன் செய்ய வேண்டும் என்பதும் இல்லை.

மருந்து, எக்ஸ்ரே என்றால் பயப்பட வேண்டுமா?

காய்ச்சலைவிட மருந்துக்குப் பயப்படும் கர்ப்பிணிகள் அதிகம். காய்ச்சலுக்கு மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். ஐபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகளை, குறிப்பாக 20 வாரங்களுக்குப் பிறகு, மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. கொரோனாவுக்காகப் பயன்பாட்டுக்கு வந்த மோல்னுபிராவிர் மாத்திரை கர்ப்பிணிகளுக்கு ஏற்றதல்ல. மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் பழக்கம் இந்த நேரத்தில் வேண்டாம்.

மார்பு எக்ஸ்ரேவில் குழந்தைக்குப் போகும் கதிர்வீச்சு 0.01 மில்லிகிரே அளவைத் தாண்டாது. பாதிப்பு பற்றி யோசிக்க வேண்டிய அளவே சுமார் 50 மில்லிகிரே. ஆகவே, மருத்துவர் தேவை என்று சொல்லும் எக்ஸ்ரேவைத் தவிர்ப்பதுதான் பெரிய ஆபத்து.

ஆக்சிஜன் தேவைப்படும் நிலைக்குப் போனவர்களுக்கு ஸ்டீராய்டு மருந்துகள் உயிர்காக்கும். பிரெட்னிசலோன் போன்ற மருந்தின் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியே செயலிழக்கச் செய்துவிடும் என்பதால், குழந்தைக்குப் போவது குறைவு. முன்கூட்டியே பிரசவம் ஆகும் நிலை இருந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சியடைய நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும் டெக்ஸாமெத்தசோனை மருத்துவர்கள் தேர்ந்தெடுப்பார்கள்.

இப்போதும் கவலைப்பட வேண்டுமா?

கொரோனா தொடர்பான உலகளாவிய சுகாதார அவசரநிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார அமைப்பு 2023 மே 5-ல் அறிவித்தது. பெரும்பாலானவர்களுக்குத் தடுப்பூசி மூலமோ, முந்தைய தொற்று மூலமோ எதிர்ப்பு சக்தி இருக்கிறது. ஒமிக்ரான் வழிவந்த வகைகள் டெல்டா அளவுக்கு நுரையீரலைப் பாதிப்பதில்லை. 2021-ன் பயம் இன்றைக்குத் தேவையில்லை.

ஆனால் வைரஸ் போய்விடவில்லை. கர்ப்பிணியின் உடலும் மாறவில்லை. 2009-ல் பன்றிக்காய்ச்சல் பரவியபோதும் இதுதான் நடந்தது. அமெரிக்க மக்கள்தொகையில் சுமார் 1 சதவீதமாக இருந்த கர்ப்பிணிகள், அந்தக் காய்ச்சலால் இறந்தவர்களில் சுமார் 5 சதவீதமாக இருந்தார்கள். நுரையீரலைத் தாக்கும் எந்தக் காய்ச்சலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஃப்ளூ தடுப்பூசி பற்றியும், கொரோனா தடுப்பூசி இப்போது தேவையா என்பது பற்றியும் அடுத்த செக்கப்பில் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுவிடலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, உடல்பருமன், ரத்தசோகை இருப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

காய்ச்சல், இருமலுடன் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்:

• உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 20-க்கு மேல் மூச்சு விடுவது
• ஒரு முழு வாக்கியத்தை இடையில் நிறுத்தாமல் பேச முடியாதது
• ஆக்சிஜன் அளவு 95-க்குக் கீழே போவது
• மார்பு வலி, உதடு நீலமாவது, மயக்கம், குழப்பமான பேச்சு
• மூன்று நாளாகியும் இறங்காத காய்ச்சல்

காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவையும் அவசரம்தான்:

• விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது
• ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்
• குழந்தையின் அசைவு குறைவது, ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைவது

தமிழ்நாட்டில் அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம். என்ன செய்வது என்ற சந்தேகத்துக்கு 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பதிவு செய்து கவனிக்கும் கிராம சுகாதாரச் செவிலியரின் எண்ணையும் போனில் வைத்திருப்பது நல்லது.

அடுத்த முறை வீட்டில் யாராவது ‘மூச்சு வாங்குது’ என்று சொன்னால், ‘சகஜம்தான்’ என்று பதில் சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கலாம். எண்ணிக்கை 20-க்குள் இருந்து, காய்ச்சலும் இல்லையென்றால் அத்தை சொல்வது சரி. தாண்டினால், ஆட்டோவோ ஆம்புலன்ஸோ, வண்டிக்குச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான்.